சம்பளம் சமம், பொழுது?

மூன்று ரொட்டி, சாப்பிட மூன்று பேர். ஆளுக்கொன்று கொடுத்தால் பங்கு சரி. ஆனால் ஒருவர் காலையிலிருந்து மலையில் நின்றவர். ஒருவர் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய். மற்றவர் கடையில் வயிறு நிறைய வடை தின்றுவிட்டு வந்தவர். இப்போது ஆளுக்கொன்று நியாயமா? சமமாகக் கொடுப்பதா, உழைப்பைப் பார்த்துக் கொடுப்பதா, தேவையைப் பார்த்துக் கொடுப்பதா? பங்கீட்டு நீதி பற்றிய தடித்த புத்தகங்களிலும் இந்தக் கேள்விதான் இருக்கிறது.

நம் தோட்டங்களிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1984க்கு முன் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்தைவிடக் குறைவு. அந்த வருஷ வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் இருவருக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. இளம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. வீட்டிலுள்ள அம்மாயியைக் கேளுங்கள், சொல்வார்.

சம்பளம் சமமானது, பொழுது சமமாகவில்லை. கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான்வெட்டு வேலைக்குப் போகும் ஆண்கள் கொடுத்த அளவை முடித்தால் பேர் விழும். பகல் இரண்டு மணிக்கெல்லாம் லயத்துக்கு வந்துவிடலாம். கொழுந்து எடுப்பவரோ அந்தி நிறுவை முடியும்வரை மலையில்தான். கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுகிற இடமும் உண்டு. இதற்கு முன்னே விடியற்காலையில் பீலித் தண்ணீர், அடுப்பு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விடுவது எல்லாம் இருக்கிறது. அதற்குப் பேர் போடுவார் யாருமில்லை. மனைவியின் சம்பளத்தைப் புருஷனே போய் வாங்கிய வழக்கமும் பல தோட்டங்களில் இருந்ததே!

ஜோன் ரோல்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1971இல் எழுதிய நூலில் ஒரு வழி சொன்னார். சட்டம் போடும்போது, அதன் கீழ் நாம் யாராக இருப்போம் என்று தெரியாததாக நினைத்துக்கொண்டு போட வேண்டுமாம். துரையா, கங்காணியா, கொழுந்துக்காரியா, தெரியாது. அப்போது கீழே கிடப்பவரையும் மறக்காத சட்டத்தைத்தான் எவரும் போடுவார் என்பது அவர் வாதம்.

ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கூட்டத்தில் இதையே வேறு மாதிரிக் கேட்டோம். "நாளைக்கு எழும்பும்போது நீங்கள் புருஷனா பெண்சாதியா என்று தெரியாது. இன்றைக்கே வீட்டு வேலையைப் பிரியுங்கள்." ஆண்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு பெரியவர், "அப்படின்னா தண்ணிய நான்தான் எடுக்கணும்" என்றார். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, "தண்ணி கெடக்கட்டும், நான் அந்திக்கு வரும்போது அடுப்பு எரிஞ்சாப் போதும்" என்றார். எங்கள் வீட்டிலும் அதுவரை தேத்தண்ணீர் ஊற்றியது யாரென்று யோசித்தபடியே அன்று பஸ் ஏறினோம்.