சின்ன கீபோர்டு வாங்கும் முன்: ஐந்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கீபோர்டு இல்லாமல் நாள் நகராதவர்கள் பெருகிவிட்டார்கள். தட்டச்சில் லோயரும் ஹையரும் முடித்து, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தட்டச்சர் பணிக்குத் தயாராகிறவர்கள் இருக்கிறார்கள். காக்குப்பத்திலும் மேல்பாக்கத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளில் புரோகிராம் எழுதிப் பழகுகிற மாணவர்கள் இருக்கிறார்கள். வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டதிலிருந்து, சென்னைக்கு ரயில் ஏறாமலே கணினி வேலை பார்க்கலாம் என்ற எண்ணமும் வந்திருக்கிறது. இவர்களில் இளையவர்கள் பலர் ஆசைப்படுவது சின்ன மெக்கானிக்கல் கீபோர்டுக்கு. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஸ்பிரிங்கோடு தனி ஸ்விட்ச், வலப்பக்க எண்பலகை கிடையாது, பல வண்ண விளக்கு, கையடக்க உருவம். டைப்பிங்குக்கும் கேமுக்கும் இதுவே போதும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இதைச் சுற்றி வளர்ந்திருக்கும் நம்பிக்கைகளில் சில பொய், சில பாதி உண்மை. வாங்குகிறவர் சத்தத்தையும் விளக்கையும் விலையையும் பார்க்கிறார். தன் வேலைக்கு வேண்டிய எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. தமிழ் அடிக்கிறவருக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும்.

நம்பிக்கை 1: மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினால் டைப்பிங் வேகம் கூடும்

உண்மை: வேகத்தைத் தீர்மானிப்பது விரல் பழக்கம். இதற்குச் சான்று நம் ஊர் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுகளிலேயே இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். இந்த வேகத்தைப் பல தலைமுறை மாணவர்கள் எட்டியது கனத்த இரும்புத் தட்டச்சுப் பொறியில். ஒரு சொல்லுக்கு 5 தட்டு என்று கணக்கு வைத்தால் 45 சொல் என்பது 225 தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே ஏறத்தாழ 267 மில்லிநொடி கிடைக்கிறது. மெக்கானிக்கல் ஸ்விட்ச் மிச்சப்படுத்தித் தரும் நேரம் இதில் மிகச் சிறு பங்கு. மற்ற நேரமெல்லாம் கண் படிக்கவும், மூளை முடிவெடுக்கவும், விரல் இடம் மாறவும் செலவாகிறது. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 1,68,000 பேரின் 13.6 கோடி தட்டுகளை அலசியது. சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 சொல். வேகமாக அடிப்பவர்களிடம் அது கண்ட தனித்தன்மை, முதல் விசையை விடுவதற்குள் அடுத்த விசையை அழுத்திவிடும் பழக்கம். அது கையில் ஊறுவது, கடையில் கிடைப்பதல்ல.

‘மாற்றிய பிறகு எனக்கு வேகம் கூடியிருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ரப்பர் தேய்ந்து, சில விசைகள் அழுந்தியும் எழுத்து வராத பழைய மெம்பிரேன் கீபோர்டிலிருந்து மாறினால் தடுமாற்றம் குறையும். அதனால் வேகமும் மீளும். ஒரு தடை நீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தட்டச்சுப் பொறியில் பழகிய கைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்தக் கை ஓங்கி அடித்தே பழகியது. செர்ரி நிறுவனத்தின் சிவப்பு வகை ஸ்விட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கக்கூடியது. 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிந்துவிடும். மீதி 2 மில்லிமீட்டரும் இறங்கி அடித்தட்டில் மோதுவது விரலுக்கு வீண் உழைப்பு. பதியும் இடத்தில் சிறு தடங்கலை உணர்த்தும் பழுப்பு வகை, இப்படிப்பட்ட கையை மெல்ல மெல்ல இலேசாக அடிக்கப் பழக்கும். மெக்கானிக்கல் கீபோர்டுக்குப் பணம் கொடுக்க நியாயமான காரணம் இந்தத் தொடு உணர்வும் அது தரும் வசதியுமே.

நம்பிக்கை 2: சின்ன கீபோர்டில் விரல்கள் நெருக்கியடிக்கும், கற்ற பழக்கம் கெட்டுவிடும்

உண்மை: 61 விசை கொண்ட சின்ன கீபோர்டுக்கு ‘60 சதவீதம்’ என்று பெயர் வைத்ததால் வருகிற குழப்பம் இது. விசைகளைச் சுருக்கிச் சின்னதாக்குவதில்லை. சில விசைகளை நீக்கித்தான் சின்னதாக்குகிறார்கள். முழு கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். பெரும்பாலான 61 விசை கீபோர்டுகளிலும் அதே இடைவெளிதான். இன்ஸ்டிடியூட்டில் ஆரம்ப விசைகளில் கைவைத்துக் கற்றவரின் விரல் இங்கே வழி தவறாது. நீக்கப்படுபவை எண்பலகை, அம்புக்குறிகள், மேல் வரிசைச் செயல்விசைகள். ஜப்பானில் எயிச்சி வாடா என்ற கணினி அறிஞரின் எண்ணத்தில் உருவாகி 1996-இல் விற்பனைக்கு வந்த ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு இந்த வகைக்கு முன்னோடி. புரோகிராம் எழுதுகிறவர் கையை இடம் நகர்த்தாமல் எல்லாவற்றையும் எட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். எண்பலகை போனால் மவுஸ் கைக்கு அருகில் வரும், வலத்தோள் விரிந்தே இருக்க வேண்டியதில்லை. மேசை சிறிதாக உள்ள விடுதி அறைக்கு இது உண்மையான நன்மை.

ஆனால் எண்பலகை எல்லோருக்கும் வேண்டாத உறுப்பல்ல. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் நெல், மணிலா, உளுந்து மூட்டைகளின் எடையையும் விலையையும் நாள் முழுக்கப் பதிவு செய்கிறவருக்கும், கடைக் கணக்கை டேலியில் ஏற்றுகிறவருக்கும் வலக்கை எண்பலகையிலேயே வாழ்கிறது. அவர்கள் 61 விசை கீபோர்டை வாங்குவது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வது. அவர்களுக்கு 104 விசை முழு கீபோர்டே பொருத்தம். மெக்கானிக்கலிலேயே அதுவும் கிடைக்கிறது.

நம்பிக்கை 3: சின்ன கீபோர்டில் தமிழ் அடிக்க முடியாது

உண்மை: எந்த முறையில் தமிழ் அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவருக்குக் கவலையே இல்லை. 26 எழுத்தும் ஷிப்டும் எல்லாக் கீபோர்டிலும் உண்டு. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 முறைக்கும் 61 விசை போதும். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்த அந்த முறையில், ச-வும் ஞ-வும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. ந அரைப்புள்ளி விசையில், ய மேற்கோள் விசையில், ழ கேள்விக்குறி விசையில். மூன்று எழுத்து வரிசைகளும் முழுதாக இருந்தால் தமிழ்99 முழுதாக இருக்கும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 61-ஐ விடவும் சிறிய, ‘40 சதவீதம்’ எனப்படும் கீபோர்டுகளில் அடைப்புக்குறி விசைகளே இருப்பதில்லை. ச அடிக்க இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டிவரும். சில 61 விசை கீபோர்டுகளில் கேள்விக்குறி விசையே மேல்நோக்கு அம்பாகவும் வேலை செய்யும்; அந்த நிலைக்கு மாறியிருந்தால் ழ வராமல் கர்சர் மேலே ஓடும். பழுது என்று எண்ணிவிட வேண்டாம். பெட்டியோடு வரும் குறிப்பில் மாற்றும் வழி இருக்கும்.

உண்மையான இடைஞ்சல் மேல் இடக்கோடியில், எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையில். 61 விசை கீபோர்டில் அந்த இடத்தை எஸ்கேப் விசை பிடித்துக்கொள்கிறது. அங்கே இருந்த குறிகளைப் பெற எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஆங்கிலம் அடிப்பவருக்கு அந்தக் குறிகள் அரிதாகவே வேண்டியிருக்கும். அதனால்தான் உலகச் சந்தைக்குச் செய்கிறவர்கள் அதைத் துணிந்து ஒதுக்கினார்கள். தமிழில் கணக்கு வேறு. மத்திய அரசு தரப்படுத்திய இன்ஸ்கிரிப்ட் முறையில் ொ என்ற குறி அந்த விசையில்தான் இருக்கிறது. ஷிப்டோடு அழுத்தினால் ஒ. விண்டோஸில் கிடைக்கும் தமிழ்க் கீபோர்டு ஒன்றும் இந்த வரிசையைத் தழுவியதே. ‘ஒரு’, ‘கொடு’, ‘சொல்’, ‘பொருள்’ என்று வரிக்கு வரி வரும் எழுத்து அது. எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து அடித்து ொ வரவழைக்கலாம், யூனிகோடும் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும் என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான், ஆனால் ஒ-வுக்கு அந்த வழி கிடையாது. தட்டச்சுப் பொறி வரிசையைத் தழுவி டி.டி.பி. கடைகளில் நிலைத்த பாமினி எழுத்துரு முறையிலும் இதே தொல்லை உண்டு. ஹ-வும் ஷ-வும் அதே மேல் இடக்கோடி விசையில் இருக்கின்றன. ‘யளனக’ என்று தொடங்கிப் பத்து விரலாலும் கற்றவர், இந்த எழுத்துகள் வரும்போதெல்லாம் கையை முறுக்க வேண்டியிருக்கும்.

இதற்குத் தீர்வு உண்டு. 82 அல்லது 84 விசைகள் கொண்ட ‘75 சதவீத’ வகையிலும், எண்பலகை மட்டும் நீங்கிய 87 விசை வகையிலும் எஸ்கேப்புக்கு மேல் வரிசையில் தனி இடம் இருக்கிறது. இடக்கோடி விசை இடம் மாறாது. இன்ஸ்கிரிப்ட், பாமினி அடிப்பவர்கள் சின்ன கீபோர்டு வேண்டும் என்றால் அங்கே நிற்பது நல்லது. 61 விசையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், விசைகளை மென்பொருளால் இடம் மாற்றும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் எஸ்கேப்பை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு ஒகரத்துக்கு அதன் இடத்தைத் திருப்பித் தரலாம்.

நம்பிக்கை 4: மெக்கானிக்கல் கீபோர்டு இருந்தால் கேமில் முந்தலாம்

உண்மை: பாதி சரி. விலை குறைந்த மெம்பிரேன் கீபோர்டுகளில் சில மூன்று விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒன்று பதியாமல் போகும். ஓடிக்கொண்டே குனிந்து குதிக்கிற ஆட்டத்தில் அது தோல்வியில் முடியலாம். நல்ல மெக்கானிக்கல் கீபோர்டில் விசைக்கொரு டயோடு இருப்பதால் இந்தக் குறை இல்லை. இந்தப் பாதி உண்மை. மீதிப் பாதி விளம்பரம். நொடிக்கு 1,000 முறை கணினிக்குச் செய்தி சொல்லும் கீபோர்டு, 125 முறை சொல்லும் கீபோர்டைவிட அதிகபட்சம் 7 மில்லிநொடி முந்தும். நொடிக்கு 60 படம் காட்டும் சாதாரண மானிட்டரில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளியே 16.7 மில்லிநொடி. கண்ணில் பட்டதற்கு விரல் அசைய மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகிறது. விழுப்புரத்திலிருந்து மும்பை சர்வருக்குப் போய்வரும் நேரமும் இதோடு சேரும். இத்தனை தாமதங்களுக்கு நடுவே அந்த 7 மில்லிநொடிக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. கையில் பணம் இருந்தால் நல்ல இணைய இணைப்புக்கும் மானிட்டருக்கும் முதலில் போகட்டும்.

‘அப்படியானால் போட்டிகளில் கீபோர்டு வசதிகளைத் தடை செய்வது ஏன்?’ என்று கேட்கலாம். 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் கவுண்டர்-ஸ்டிரைக் 2 ஆட்டத்தில் ‘ஸ்னாப் டேப்’ போன்ற வசதிகளைத் தன் சர்வர்களில் தடை செய்தது உண்மை. எதிரெதிர்த் திசை விசைகள் இரண்டும் அழுந்தியிருக்கும்போது பின்னதை மட்டும் கீபோர்டே தேர்ந்துகொள்ளும் வசதி அது. ஆட்டக்காரரின் விரல் செய்ய வேண்டியதை மென்பொருள் செய்ததால் தடை வந்தது. சாதாரண மெக்கானிக்கல் ஸ்விட்ச் தரும் பலன் அல்ல அது. ஆகவே அந்தத் தடையை மெக்கானிக்கலின் பெருமைக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

நம்பிக்கை 5: கோடிக்கணக்கான அழுத்தங்களைத் தாங்கும், அதனால் ஆயுள் முழுக்க உழைக்கும்

உண்மை: 5 கோடி, 10 கோடி என்று அட்டைப்பெட்டியில் அச்சிடுவது ஒரு ஸ்விட்சுக்கான கணக்கு. ஒரே விசையை ஒருவர் நாளுக்கு 2,000 முறை அழுத்தினாலும் 5 கோடியை எட்ட 68 ஆண்டு ஆகும். கீபோர்டு அதற்கு வெகு முன்னால் வேறு காரணத்தால் போய்விடும். கொட்டிய தேநீர், யூ.எஸ்.பி. இணைப்புத் தளர்வு, நெடுஞ்சாலை ஓரத்துத் தூசி ஆகியவைதான் அந்தக் காரணங்கள். திண்டிவனத்துக்குக் கிழக்கே உப்பளங்கள் விரிந்த மரக்காணம் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேரும். ஸ்விட்சின் உலோகத் தொடுமுனை கெட்டால் ஒரு முறை அழுத்தியதற்கு எழுத்து இரண்டாக விழும். தமிழ்99-இல் இது கூடுதல் தொல்லை. ஒரே மெய்யை இரு முறை அடித்தால் முதலாவது தானாகப் புள்ளி பெறும் என்பது அந்த முறையின் விதி. எனவே கெட்ட ஸ்விட்ச் ‘பகல்’ என்ற சொல்லைப் ‘பக்கல்’ ஆக்கிவிடும். எழுத்துப்பிழை என்று நினைத்து ஆளைக் குறைசொல்லும் முன் ஸ்விட்சைச் சோதிக்க வேண்டும். பற்றவைக்காமல் ஸ்விட்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய கீபோர்டு என்றால், கெட்டதை மட்டும் மாற்றி வேலையைத் தொடரலாம். பழுது பார்க்கச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டியிருக்கும் ஊரில் அந்த வசதி, பெட்டியில் அச்சிட்ட கோடிகளைவிடப் பயன் தரும்.

இவ்வளவுக்குப் பிறகும் சின்ன மெக்கானிக்கல் கீபோர்டு நல்ல கருவிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒலிபெயர்ப்பிலோ தமிழ்99-இலோ அடிக்கிற மாணவர், புரோகிராமும் எழுதி மாலையில் கேமும் ஆடுகிறவர் என்றால் 61 விசை அவருக்குப் போதும். இன்ஸ்கிரிப்ட் அல்லது பாமினி என்றால் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். எண்கள்தான் பிழைப்பு என்றால் முழு கீபோர்டு. தட்டச்சுத் தேர்வுக்குப் படிப்பவர் தேர்வில் எந்தக் கருவி தரப்படுமோ அதில் பழகுவதே முக்கியம். கீபோர்டுக்கு வைத்திருக்கும் பணம் இன்ஸ்டிடியூட் கட்டணத்துக்குப் போனால் பலன் கூடும். தமிழ் அடிப்பவரின் தேவையைக் கணக்கில் கொள்ளாமல் செய்யப்பட்ட பொருள் இது. அதனால் கடைக்காரரிடம் விலை கேட்கும் முன், ‘ஒரு சொல்’ என்று தட்டிப் பார்க்கக் கேளுங்கள்.