எமர்ஜென்சி ரெசிடென்சி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் மருத்துவம் முடிக்கிற மாணவர் எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில், எந்தத் துறையில் ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சி செய்யப்போகிறார் என்பது மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தெரியவரும். மேட்ச் என்று அதைச் சொல்வார்கள். 2023 மேட்ச்சில் எமர்ஜென்சி மருத்துவத்துக்கு இருந்த 3,010 இடங்களில் 554 நிரம்பவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நிரம்பாதவை 219. 2021இல் வெறும் 14.

இந்தச் சரிவுக்குப் பிறகு மாணவர்களிடையே இரண்டு பேச்சுகள் கிளம்பின. துறையே முடிந்துவிட்டது என்பது ஒன்று. விண்ணப்பம் போட்டாலே இடம் என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. ஒன்றை நம்பிய மாணவர் தனக்குப் பொருத்தமான துறையைக் கைவிடுகிறார். மற்றதை நம்பியவர் தயார்படுத்திக்கொள்ளாமல் போய் ஏமாறுகிறார். பிள்ளையை அமெரிக்காவில் மருத்துவம் படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்களிலும், இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து அங்கே போக நினைக்கும் மாணவர்களிடமும் இந்தப் பேச்சுகள் அப்படியே புழங்குகின்றன. இவற்றோடு சேர்ந்து சுற்றும் மற்ற நம்பிக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: "எமர்ஜென்சி படித்தால் வேலை கிடைக்காது."

இந்தப் பயத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 2021இல் அமெரிக்க எமர்ஜென்சி மருத்துவர்களின் சங்கம் முன்னின்று ஒரு கணிப்பை வெளியிட்டது. 2030இல் நாட்டில் தேவைக்கு மேல் 7,845 எமர்ஜென்சி மருத்துவர்கள் இருப்பார்கள் என்றது அது. கொரோனா வார்டுகளில் களைத்துப்போன மருத்துவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் காதில் இந்த எண்ணும் விழுந்தது. பலர் வேறு துறைக்குத் திரும்பினார்கள்.

ஒரு கணிப்பு, அதன் அடியில் இருக்கும் அனுமானங்கள் அளவுக்குத்தான் உறுதியானது. ஆண்டுதோறும் 100 பேரில் 3 பேர் இந்தத் துறையை விட்டுப் போவார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. பின்னால் வந்த ஆய்வு, உண்மையில் வெளியேறுகிறவர்கள் 100க்கு 5 பேரைத் தாண்டுவதாகக் காட்டியது. இந்த ஒரு மாற்றமே கணக்கைப் புரட்டிப்போடப் போதும். மாணவர்களும் திரும்பி வந்தார்கள். 2024இல் நிரம்பாத இடங்கள் 135. 2025இல் அதற்கும் குறைவு.

இதைச் சொல்லும்போது துறையின் உண்மையான கஷ்டங்களை மறைக்கக் கூடாது. வார்டில் படுக்கை கிடைக்காமல் நோயாளிகள் எமர்ஜென்சியிலேயே நாள்கணக்கில் கிடக்கிறார்கள். ஆள் எடுக்கும் பொறுப்பு பெரிய ஒப்பந்த நிறுவனங்களின் கைக்குப் போன ஊர்கள் பல. வேலைச் சோர்வு பற்றிய கருத்துக்கணிப்புகளில் இந்தத் துறை மேல்வரிசையில் நிற்கிறது. போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாணவர் எடைபோட வேண்டியவை இவைதான். வேலை கிடைக்காது என்ற பயத்தை அந்தத் தராசில் ஏற்ற வேண்டியதில்லை.

நம்பிக்கை: "அவ்வளவு காலி என்றால் யாருக்கும் கிடைக்கும்."

2023இல் நிரம்பாத அந்த 554 இடங்களும் அடுத்த சில நாட்களில் நடந்த துணைச் சுற்றில் ஏறக்குறைய முழுதும் நிரம்பிவிட்டன. காலியான இடங்கள் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் சமமாகவும் இல்லை. சிறிய பயிற்சித் திட்டங்களிலும், லாபநோக்க நிறுவனங்கள் நடத்தும் ஆஸ்பத்திரிகளிலும்தான் அவை கூடுதலாக இருந்தன. பெயர்பெற்ற பயிற்சி இடங்களில் அந்த ஆண்டும் போட்டி குறையவில்லை.

நம்பிக்கை: "ஸ்டெப் மார்க் இருந்தால் போதும்."

நம் வீடுகளில் வேரோடிப்போன நம்பிக்கை இது. அதற்குக் காரணமும் உண்டு. இந்தியாவில் எமர்ஜென்சி மருத்துவத்தில் எம்.டி. சேர வேண்டுமானால் நீட் பி.ஜி. போன்ற நுழைவுத் தேர்வின் ரேங்க் ஒன்றுதான் பேசும். ரேங்க் வந்தால் கவுன்சிலிங், கவுன்சிலிங்கில் சீட். வார்டில் அந்த மாணவர் எப்படி வேலை செய்தார் என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் எமர்ஜென்சி துறை முதலில் கேட்பதே அதைத்தான். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு வரிசையில் முதலாவதான ஸ்டெப் 1 தேர்வில் 2022 ஜனவரி 26 முதல் மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும். ஸ்டெப் 2 சி.கே.யில் மதிப்பெண் உண்டு, அதைப் பார்க்கவும் செய்கிறார்கள். ஆனால் யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்று முடிவுசெய்யும்போது எது முக்கியம் என்று ரெசிடென்சி இயக்குநர்களைக் கேட்ட கணக்கெடுப்புகளில் திரும்பத் திரும்ப முன்னால் வருவது எஸ்.எல்.ஓ.இ. என்ற தரப்படுத்தப்பட்ட மதிப்பீட்டுக் கடிதம்.

கடிதம் என்று பெயரே தவிர, பெரும்பகுதி அது படிவம்தான். 1990களின் நடுவில் ரெசிடென்சி இயக்குநர்கள் கூடி உருவாக்கியது. அதற்கு முன் வந்த சிபாரிசுக் கடிதங்களில் எல்லா மாணவரும் ஒன்றுபோலப் புகழப்பட்டதால் யார் உண்மையில் தேர்ந்தவர் என்று பிரித்தறிய முடியவில்லை. இந்தப் படிவம் குறிப்பாகக் கேட்கும். நோயாளியைப் பார்த்துவிட்டுக் காரணங்களை வரிசைப்படுத்தித் திட்டம் சொல்லத் தெரிகிறதா? நர்சுகளோடும் மற்றவர்களோடும் ஒத்துப்போகிறாரா? நோயாளியிடம் அக்கறை தெரிகிறதா? ரெசிடென்சியில் எவ்வளவு வழிகாட்டல் தேவைப்படும்? உங்கள் தரவரிசைப் பட்டியலில் இவர் எந்தப் பகுதியில் வருவார்? பல இடங்களில் இதை ஒருவர் மட்டும் எழுதுவதில்லை. மாணவரோடு வேலை பார்த்த பலருடைய குறிப்புகளையும் வைத்துக்கொண்டு துறையின் கல்விக் குழுவே எழுதுகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமையை மாணவர் வழக்கமாக முன்கூட்டியே விட்டுக்கொடுத்துவிடுவார்.

அந்தக் குறிப்புகள் எப்படிப் பிறக்கின்றன என்று பாருங்கள். ஒரு மாலை ஷிஃப்ட். 68 வயது அம்மா, சர்க்கரை நோயாளி, மேல்வயிற்றில் வலி, இரண்டு முறை வாந்தி. ஒரு மாணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டில் தொடங்கி, வாயு, அல்சர், பித்தப்பைக் கல் என்று சொல்லிக்கொண்டே போகிறார். இன்னொரு மாணவர், "டாக்டர், முதலில் மாரடைப்பு இல்லை என்று தெரிய வேண்டும். சர்க்கரை இருப்பதால் நெஞ்சு வலி இல்லாமலும் வரலாம். இ.சி.ஜி. எடுத்தாயிற்று, பாருங்கள். அடுத்து ரத்தக்குழாய் வீக்கம், குடலுக்கு ரத்தம் போகாமை. அதற்குப் பிறகுதான் பித்தப்பை" என்கிறார். உயிரைப் பறிப்பதை முதலில் நினைப்பதுதான் இந்தத் துறையின் யோசனை முறை. ஒரு மணி நேரம் கழித்து அந்த இரண்டாவது மாணவர், யாரும் சொல்லாமலே மறுபடி அந்த அம்மாவின் படுக்கைக்குப் போகிறார். வலி குறைந்ததா, வாந்தி நின்றதா என்று கேட்கிறார். பரிசோதனை முடிவு வர ஏன் நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, அவர் கேட்ட போர்வையைத் தேடி எடுத்துவந்து கொடுக்கிறார். ஷிஃப்ட் முடிவில் சீனியர் மருத்துவர் மதிப்பீட்டு அட்டையை நிரப்பும்போது அவர் நினைவில் நிற்பது இதுதான். ரொட்டேஷன் என்கிற நான்கு வாரப் பணிக்காலத்தில் இப்படிச் சேர்கிற அட்டைகள்தான் கடைசியில் எஸ்.எல்.ஓ.இ. ஆகின்றன.

வேறு துறையின் புகழ்பெற்ற பேராசிரியரிடம் கடிதம் வாங்கிவிட்டால் கரையேறிவிடலாம் என்கிற எண்ணமும் இதனால்தான் எடுபடுவதில்லை. எவ்வளவு பெரியவர் எழுதினாலும், அவர் அந்த மாணவரை எமர்ஜென்சியில் ஓர் இரவும் பார்த்திருக்க மாட்டார்.

நம்பிக்கை: "எத்தனை ஊரில் ரொட்டேஷன் செய்கிறோமோ அவ்வளவு நல்லது."

சொந்தக் கல்லூரியில் ஒன்று, வெளியே ஒன்று. பெரும்பாலோருக்கு இது போதும். மூன்றாவது, நான்காவது என்று போகிறவர் வீட்டு வாடகையும் விமானக் கட்டணமும் கட்டிக் களைத்துப்போகிறார். களைப்போடு செய்த ரொட்டேஷனில் வருகிற சுமாரான மதிப்பீடு, ஏற்கெனவே கையில் இருக்கும் நல்ல மதிப்பீட்டையும் கீழே இழுக்கும். சொந்தக் கல்லூரியில் எமர்ஜென்சி ரெசிடென்சியே இல்லாதவர்களுக்கு மட்டும் வெளியே இரண்டு தேவைப்படலாம்.

நம்பிக்கை: "பரபரப்பு பிடித்தவர்களுக்கான துறை."

1994 முதல் 2009 வரை ஓடிய 'இ.ஆர்.' தொலைக்காட்சித் தொடர் பதித்த படம் இது. துப்பாக்கிக் குண்டும் திறந்த நெஞ்சும் வரத்தான் செய்யும். ஆனால் அமெரிக்க எமர்ஜென்சிகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 15 கோடி முறை ஆட்கள் வருகிறார்கள். வருகைக்குச் சொல்லப்படும் காரணங்களில் முன்னிற்பது வயிற்றுவலி. மாத்திரை வாங்கப் பணமில்லாதவர், மனநலச் சிக்கலில் தவிப்பவர், போக இடமில்லாதவர் எல்லோரும் வருவார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணமோ இன்சூரன்ஸோ இல்லை என்பதற்காக யாரையும் பரிசோதிக்காமல் திருப்பி அனுப்ப முடியாது. அந்த நாட்டில் எந்நேரமும் திறந்திருக்கும் மருத்துவக் கதவு இது ஒன்றே. விண்ணப்பத்தோடு அனுப்பும் தனிப்பட்ட கட்டுரையில் ஹெலிகாப்டரையும் சைரனையும் பற்றி எழுதுகிற மாணவர்களுக்கு நான் சொல்வது: இரவு மூன்று மணிக்கு வந்த முதுகுவலிக்காரரைப் பற்றி எழுதுங்கள். படிக்கிறவர் அந்த இரவை நன்றாக அறிந்தவர்.

நம்பிக்கை: "கிடைக்கும் என்று தெரிந்த இடத்தை முதலில் எழுத வேண்டும்."

மிகுந்த தீங்கு செய்கிற நம்பிக்கை இதுதான் என்பேன். நேர்காணல்கள் முடிந்ததும் மாணவர் தனக்குப் பிடித்த இடங்களை வரிசையாக எழுதித் தருகிறார். ஆஸ்பத்திரிகளும் தங்கள் வரிசையைத் தருகின்றன. மீதியைக் கணினி பார்த்துக்கொள்கிறது. பெரிய இடத்தை முதலில் எழுதி அது கிடைக்காவிட்டால் முதல் இடம் வீணாகிவிடும், அதற்குள் இரண்டாவது இடமும் நிரம்பிவிடும் என்று பயந்து பலர் மனதுக்குப் பிடித்ததைக் கீழே தள்ளிவிடுகிறார்கள்.

கணினி செய்வதைப் படிப்படியாகப் பார்த்தால் பயம் போய்விடும். ஒரு மாணவி முதலில் சிகாகோவின் குக் கவுண்டியையும், இரண்டாவதாகச் சின்சினாட்டியையும், மூன்றாவதாகத் தன் சொந்தக் கல்லூரியையும் எழுதுகிறார் என்போம். கணினி முதலில் குக் கவுண்டியில் முயல்கிறது. அங்கே அவரைவிட மேலே வைக்கப்பட்டவர்களால் இடம் நிரம்பிவிட்டால் சின்சினாட்டிக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. அந்த உட்காரல் தற்காலிகம்தான். சின்சினாட்டி தன் பட்டியலில் இந்த மாணவியை மேலே வைத்திருந்தால் அந்த இன்னொருவர் எழுந்து தன் அடுத்த விருப்பத்துக்குப் போக வேண்டும். கடைசி வரை யாருடைய இடமும் உறுதியில்லை. ஆகவே தாமதமாக வந்ததால் யாருக்கும் எதுவும் கைநழுவாது. முதலிரண்டு இடங்களில் கிடைக்காமல் சொந்தக் கல்லூரிக்கு வருகிற மாணவிக்கு, அதை முதலில் எழுதியிருந்தால் என்ன வாய்ப்பு இருந்திருக்குமோ அதே வாய்ப்பு இப்போதும் இருக்கிறது.

டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962இல் நிறுவிய கணிதம் இதற்கு அடிப்படை. மாணவர் விருப்பத்திலிருந்து தொடங்கும்படி ஆல்வின் ராத் திருத்தி அமைத்த முறை 1998 மேட்ச் முதல் நடப்பில் இருக்கிறது. ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. மாணவர் செய்ய வேண்டியது உண்மையான விருப்ப வரிசையை எழுதுவது மட்டும். போகவே விரும்பாத இடத்தை மட்டும் எழுதக் கூடாது, ஏனென்றால் வந்த முடிவு கட்டுப்படுத்தும். நேர்காணலுக்குப் பிறகு "உங்களை மேலே வைத்திருக்கிறோம்" என்று வருகிற மின்னஞ்சலை நம்பி வரிசையை மாற்றுவதும் வேண்டாம். அது யாரையும் கட்டுப்படுத்தாத வார்த்தை.

நம்பிக்கை: "போன வருஷம் சேர்ந்த அண்ணா சொன்னபடி செய்தால் போதும்."

அன்போடு சொல்லப்படும் யோசனைதான், ஆனால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நேர்காணல்கள் 2020இல் இணையத்துக்கு வந்தன. 2026 மேட்ச்சிலிருந்து எமர்ஜென்சி துறை பழைய விண்ணப்பத் தளத்தை விட்டு ரெசிடென்சி-காஸ் என்ற வேறு தளத்துக்குப் போய்விட்டது. படிப்பு மூன்று ஆண்டா நான்கு ஆண்டா என்பதிலும் விவாதம் எழுந்தது. எல்லா இடத்திலும் நான்காக்கும் முன்மொழிவு 2025இல் வந்தது. விதியை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். அண்ணனிடம் ஷிஃப்டில் எப்படி நின்றார் என்று கேளுங்கள்.

நம்பிக்கை: "தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குக் கிடைக்காது."

கிடைக்கிறது. சரிவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெளிநாட்டில் படித்தவர்களின் பங்கு இந்தத் துறையில் கூடியிருக்கிறது. அவர்களுக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் மதிப்பெண் அல்ல, எஸ்.எல்.ஓ.இ. அதை வாங்க அங்கே எமர்ஜென்சியில் கைவைத்து வேலை செய்திருக்க வேண்டும். ஓரமாக நின்று பார்க்கும் அப்சர்வர்ஷிப்பில் மாணவரை மதிப்பிட எதுவும் இருக்காது, அதனால் அந்தக் கடிதத்துக்கு எடை குறைவு. கைவைக்க விடும் எலெக்டிவ்களையோ பல கல்லூரிகள் பட்டம் பெறாத இறுதியாண்டு மாணவருக்கே தருகின்றன. நம் மாணவர்களில் பலர் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாயப் பயிற்சியை முடித்த பிறகுதான் அமெரிக்காவைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது அந்தக் கதவு அநேகமாக மூடியிருக்கும். இங்கே முடித்த எமர்ஜென்சி எம்.டி.யும் அங்கே ரெசிடென்சிக்கு ஈடாகாது, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

விசாவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஜே-1 விசாவில் போனால் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாடு திரும்ப வேண்டும், அல்லது மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் வேலை பார்த்து அதிலிருந்து விலக்குப் பெற வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேருக்கு அந்த விலக்கைப் பரிந்துரைக்கலாம். பல மாநிலங்களில் பொது மருத்துவர்களுக்கே முன்னுரிமை. எமர்ஜென்சியைத் தேர்ந்தெடுக்கும் எம்.பி.பி.எஸ். மாணவர், எலெக்டிவ் இடங்களுக்கான விசாரிப்பை இறுதியாண்டுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.