என்எம்சி பதிவுப் புதுப்பிப்பு: அச்சம் ஓரிடம், ஆபத்து வேறிடம்

பிரிட்டனில் வேலை பார்க்கும் தமிழ் நர்ஸ்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓஎஸ்சிஇ என்ற செய்முறைத் தேர்வுக்கு அடுத்தபடியாகப் பயமுறுத்தும் சொல் ரீவாலிடேஷன். என்எம்சி என்று எல்லோரும் சொல்லும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கும் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இணையவழியில் தங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2016 ஏப்ரலில் வந்த முறை இது. வெளிநாட்டில் படித்துவிட்டு அந்தப் பதிவேட்டில் சேர்ந்தவர்களில் இந்தியாவில் படித்தவர்களே அதிகம். ஆகவே வதந்திகளும் நம் மொழிகளில் தாராளமாகச் சுற்றுகின்றன. அவற்றைக் கேட்டுக்கொண்டே வந்தால் ஒன்று புரியும்: பயப்பட வேண்டாத இடத்தில் நம்மவர்கள் நடுங்குகிறார்கள், விழித்திருக்க வேண்டிய இடத்தில் தூங்கிவிடுகிறார்கள்.

"இது இன்னொரு பரீட்சை. தோற்றால் பின் நம்பர் என்ற பதிவு எண் போய்விடும்."

பரீட்சை எதுவும் இல்லை. மதிப்பெண் போட யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் 450 மணி நேரம் பணி, 35 மணி நேரம் தொழில் சார்ந்த கற்றல், பணியைப் பற்றி மற்றவர்கள் சொன்ன ஐந்து கருத்துகள், நீங்களே எழுதிய ஐந்து அனுபவக் குறிப்புகள், அவற்றைப் பற்றி இன்னொரு நர்ஸுடன் ஓர் உரையாடல், உடல்நலமும் நன்னடத்தையும் பற்றிய உறுதிமொழி, இழப்பீட்டுக் காப்பு இருக்கிறது என்ற உறுதி, கடைசியில் ஒருவரின் ஒப்புதல். கேட்பது இவ்வளவுதான். வேலையில் இருக்கும் ஒருவர் இவற்றில் பெரும்பகுதியைத் தனக்கே தெரியாமல் முடித்திருப்பார். எழுதி வைக்காததுதான் குறை.

"மகப்பேறு விடுப்பில் ஒரு வருடம் போய்விட்டது, மணி நேரம் தேறாது" என்று கலங்குபவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். வாரம் 37.5 மணி நேரம் வேலை என்றால் 450 மணி நேரம் என்பது வெறும் 12 வாரம். மூன்று ஆண்டுகளில் 12 வாரம். பகுதிநேர வேலை, மருத்துவமனையின் தற்காலிகப் பணியாளராகச் செய்யும் பேங்க் ஷிப்ட், ஏஜென்சி ஷிப்ட் எல்லாம் சேரும். படுக்கையருகே நின்றால்தான் கணக்கு என்பதும் தவறு. நர்ஸ் என்ற உங்கள் அறிவையும் திறமையையும் நம்பி நடக்கும் கற்பித்தல், நிர்வாகம், ஆராய்ச்சி எல்லாமே பணிதான். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள மதுரைக்குத் திரும்பி, அங்கே பதிவுபெற்ற நர்ஸாக ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்த நேரத்தையும் காட்டலாம். நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் இரண்டு பதிவு வைத்திருப்பவர்களுக்கு 900 மணி நேரம்.

அடுத்தது சான்றிதழ் வியாபாரம். "35 பாயிண்ட் சேர்க்க வேண்டும், என்எம்சி அங்கீகரித்த கோர்ஸாகத்தான் இருக்க வேண்டும்" என்று சொல்லிப் பணம் பறிப்பவர்கள் உண்டு. பாயிண்ட் என்ற கணக்கே இங்கு கிடையாது, மணி நேரம்தான். இன்ன கோர்ஸ்தான் படிக்க வேண்டும் என்று என்எம்சி சொல்வதும் இல்லை. உங்கள் வேலையோடு தொடர்பு இருக்கிறதா என்பதே கேள்வி. நீரிழிவுப் பிரிவில் இருப்பவர் புது இன்சுலின் பம்ப் பற்றிய கட்டுரையைப் படித்துக் குறித்து வைத்தால் அது கணக்கில் வரும். எல்லோருக்கும் பொதுவாக ஆண்டுதோறும் நடக்கும் தீயணைப்புப் பயிற்சி வராது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: கட்டாயப் பயிற்சிச் சான்றிதழ்களையே அடுக்கி வைத்துவிட்டு 35 தேறிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். இன்னொரு நிபந்தனையையும் மறந்துவிடுகிறார்கள். 35-இல் 20 மணி நேரம் பிறரோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். ஒரே அறையில் இருக்க வேண்டியதில்லை, கேள்வி கேட்டுப் பதில் பேசும் இணையவழி வகுப்பும் சேரும். தனியாக உட்கார்ந்து கிளிக் செய்துகொண்டே போகும் இ-லேர்னிங் அந்த 20-இல் சேராது.

"எல்லா ஆவணங்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும்."

வேண்டாம். என்எம்சி ஆன்லைன் கணக்கில் உள்ள விண்ணப்பம் கேட்பது பெரும்பாலும் உறுதிமொழிகளைத்தான்: இத்தனை மணி நேரம் செய்தேன், இன்னாரோடு உரையாடினேன், இன்னார் ஒப்புதல் தந்தார். அனுபவக் குறிப்புகளை அனுப்பச் சொல்வதில்லை. அவை உங்கள் கோப்பிலேயே இருக்கும். அந்தக் கோப்பு கணினியில் இருக்கலாம், பச்சை அட்டை போட்ட காகிதக் கோப்பாகவும் இருக்கலாம். காசு கட்டி செயலி வாங்க வேண்டும் என்று விதி இல்லை. அனுபவக் குறிப்பு, உரையாடல், ஒப்புதல் ஆகிய மூன்றுக்கும் என்எம்சி தரும் படிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், அவையும் இலவசம்.

அனுப்ப வேண்டாம் என்பதால் எழுத வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வோர் ஆண்டும் சிலரை மாதிரிக்குத் தேர்ந்தெடுத்துக் கூடுதல் விவரம் கேட்டுச் சரிபார்ப்பார்கள். தேர்வானால் ஏதோ புகார் வந்துவிட்டதாக நினைத்து அழுதவர்களைத் தெரியும். அழ வேண்டியதில்லை, சரிபார்ப்பு முடியும்வரை பதிவு செல்லுபடியாகவே இருக்கும். கோப்பில் ஒன்றுமே இல்லாதவர்தான் கவலைப்பட வேண்டும்.

இனி, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். அனுபவக் குறிப்பு என்றதும் நம்மவர்கள் கைபோன போக்கில் வார்டு குறிப்பு எழுதுவதுபோல எழுதிவிடுகிறார்கள்: நோயாளியின் பெயர், வயது, படுக்கை எண், சேர்ந்த தேதி, கூட இருந்த டாக்டரின் பெயர். நோயாளியோ உடன் பணியாற்றுபவரோ யார் என்று கண்டுபிடிக்க உதவும் எதுவும் அந்தக் குறிப்பில் இருக்கக் கூடாது. பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. சின்ன ஊரில் அரிய நோயோடு வந்த ஒருவரைப் பற்றி எழுதினால், ஊரே அடையாளம் காட்டிவிடும். மற்றவர்களின் கருத்து என்று காட்ட நன்றி அட்டையைக் கைப்பேசியில் படம்பிடித்துக் கோப்பில் போடுவதும் இதே தவறுதான். "வலி நிவாரணியைத் தாமதமில்லாமல் கொடுத்ததற்கு ஒரு நோயாளியின் மகள் நன்றி சொன்னார், தாமதம் எதனால் வருகிறது என்று யோசித்தேன்" என்று எழுதினால் போதும். பாராட்டுதான் வேண்டும் என்றில்லை, புகாரும் கருத்துதான். வாய்மொழியாகச் சொன்னதும் செல்லும்.

"தவறை எழுதினால் அதை வைத்தே விசாரிப்பார்கள்" என்ற பயம் பலரைப் பொய்யான, உப்புச் சப்பில்லாத குறிப்புகளை எழுத வைக்கிறது. என்எம்சி உட்பட ஒன்பது மருத்துவ ஒழுங்குமுறை அமைப்புகள் 2019-இல் கூட்டாக அறிவித்திருக்கின்றன: ஒருவர் மீதான புகாரை விசாரிக்க அவருடைய சொந்த அனுபவக் குறிப்புகளைத் தாங்கள் கேட்கப்போவதில்லை என்று. நீதிமன்றம் வேறு, அதற்கு அந்த உறுதி பொருந்தாது. அடையாளம் எதுவும் இல்லாமல், என்ன நடந்தது என்பதைவிட என்ன கற்றேன் என்பதை அதிகமாக எழுதுவதே நோயாளிக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு.

ஒப்புதல் தருபவர் சீனியர் நர்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். உரையாடலுக்கு வருபவர்தான் என்எம்சி பதிவில் இருக்க வேண்டும்; அவர் உங்களைவிட ஜூனியராக இருந்தாலும் பரவாயில்லை. ஒப்புதலுக்கு உங்கள் லைன் மேனேஜர் போதும், அவர் நர்ஸாக இல்லாவிட்டாலும். மேனேஜரே நர்ஸ் என்றால் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் இரண்டையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

"கெடு என்பது பதிவு காலாவதியாகும் தேதி."

எல்லாத் தவறான நம்பிக்கைகளிலும் அதிக விலை கேட்பது இதுதான். பதிவு செப்டம்பர் 30-இல் முடிகிறது என்றால், விண்ணப்பத்தை அனுப்ப வேண்டிய நாள் செப்டம்பர் 1. காலாவதியாகும் மாதத்தின் முதல் நாள்! விண்ணப்பம் அதற்கு 60 நாள் முன்பே கணக்கில் திறந்துவிடும், மின்னஞ்சலும் வரும். எந்த மின்னஞ்சலுக்கு? என்எம்சி ஆன்லைன் கணக்கில் நீங்கள் கொடுத்து வைத்திருக்கும் முகவரிக்கு. ஏஜென்ட் உருவாக்கிக் கொடுத்த ஜிமெயில், விட்டுவந்த மருத்துவமனையின் முகவரி என்று அது இருந்தால் கடிதம் யாருமில்லாத வீட்டுக்குப் போகும். தகுந்த காரணம் இருந்தால் கூடுதல் அவகாசம் கேட்கலாம், ஆனால் கெடுவுக்கு முன்பே கேட்க வேண்டும்.

தவறவிட்டால் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். அந்த நிமிடத்திலிருந்து நர்ஸாக வேலை செய்யக் கூடாது. மீண்டும் சேர விண்ணப்பித்தால் வாரக்கணக்கில் ஆகும், பழைய தேதியிட்டுத் தர மாட்டார்கள். அந்த வாரங்களில் ஹெல்த்கேர் அசிஸ்டென்டாகக் குறைந்த சம்பளத்தில் நிறுத்துவதா, சம்பளமில்லா விடுப்பில் அனுப்புவதா என்பது முதலாளியின் முடிவு. "எங்கள் மருத்துவமனை ஹெச்.ஆர். பார்த்துக்கொள்ளும்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹெச்.ஆர். உங்கள் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும், உங்களுக்குப் பதிலாக விண்ணப்பிக்காது. பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

இதே விளைவு கட்டணத்தாலும் வரும். ரீவாலிடேஷன் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, கட்டணம் ஆண்டுதோறும். 2015-இல் அது 120 பவுண்டாக உயர்த்தப்பட்டது. டைரக்ட் டெபிட் போட்டிருப்பவர்கள் வங்கிக் கணக்கை மாற்றிவிட்டு என்எம்சி கணக்கில் மாற்ற மறந்தால், ஒரு குற்றமும் செய்யாமல் பதிவை இழப்பார்கள்.

உறுதிமொழிப் பகுதியில் பொய் மட்டும் வேண்டாம். நீரிழிவோ மன அழுத்தமோ இருப்பது தகுதிக் குறைவு ஆகாது. பாதுகாப்பாக வேலை செய்ய முடிகிறதா என்பதே கேள்வி. பார்க்கிங் அபராதத்தையும், வேகமாக ஓட்டியதற்கு வரும் நிலையான அபராதச் சீட்டையும் சொல்ல வேண்டியதில்லை. வழக்குப் பதிவும் தண்டனையும் எந்த நாட்டில் நடந்திருந்தாலும் சொல்லியாக வேண்டும், இந்தியா உட்பட.

கடைசியாக, "என்எம்சிக்குக் கட்டிய பணம் போனது போனதுதான்" என்ற நம்பிக்கை. உங்கள் கையிலிருந்து கட்டிய அந்தக் கட்டணத்துக்கு பிரிட்டன் வருமான வரித் துறையிடம் சலுகை கேட்கலாம். அடிப்படை வரி கட்டுபவருக்கு 120 பவுண்டுக்கு 24 பவுண்ட் திரும்பும். முந்தைய நான்கு வரி ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம். தானாக வராது, விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.