பலாவில் ஒரு மின்கிட்டார்

ஜவ்வாது மலையில் மரவேலை என்றாலே வெளியூர் நண்பர்கள் சந்தனத்தைத்தான் விசாரிப்பார்கள். கிட்டாருக்கு அது வேண்டாம். அனுமதியின்றி வெட்டினால் வழக்கு. முறையாக வாங்க திருப்பத்தூர் சந்தனக் கிடங்கின் ஏலம் வரை போக வேண்டும். அத்தனை செலவழித்தாலும் ஓசையில் பெரிதாக எதுவும் கூடாது. உள்ளே குடையாத முழுக்கட்டை மின்கிட்டாரில் ஓசையைப் பெரும்பாலும் முடிவு செய்பவை கம்பியும் பிக்கப்பும்தான். மரத்துக்கு எவ்வளவு பங்கு என்று கிட்டார்க்காரர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். நான் 'கொஞ்சம்தான்' கட்சி.

ஜமுனாமரத்தூர் பக்கத்துக் கொல்லை ஒன்றில் காற்றில் சாய்ந்த பலாவை எடுத்தேன். தஞ்சாவூர் வீணைக்கே பலாதான். உளிக்கு இணங்கும், காய்ந்துவிட்டால் அவ்வளவாக முறுக்காது. ஆனால் காய வேண்டும். ஓர் அங்குல கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. அதைவிட நம்பகமானது தராசு. பலகையின் இரு முனைகளிலும் பெயின்ட் பூசி, நிழலில் சட்டம் வைத்து அடுக்கி, மாதம் ஒருமுறை சாமை வியாபாரியின் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால்தான் மரம் தயார். இழைக்கும்போது எனக்கு உதவிய ஆசாரி ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: "நார் ஓடுற பக்கமாவே இழைங்க சார், எதிர்த்தா பிச்சிக்கும்."

உடல் எந்த வடிவத்தில் இருந்தாலும் கிட்டார் வாசிக்கும். ஃப்ரெட் தவறினால் வாசிக்காது. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 25.5 அங்குல அளவில், அதாவது 647.7 மி.மீ.யில், அந்த நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் 36.35 மி.மீ.யில் வரும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுக்க வேண்டும். பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 323.85-இல் விழுந்தால் கணக்கு சரி. எல்லாத் தூரத்தையும் முதலிலேயே கணக்கிட்டு, ஒவ்வொரு ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்துகொண்டே போனால் சின்னச் சின்னப் பிசகெல்லாம் சேர்ந்து மேலே சுருதி கெடும். ட்யூனிங் கீ, பிரிட்ஜ், கழுத்துக்குள் போகும் ட்ரஸ் ராடு ஆகியவற்றைக் கடையில் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

பிக்கப்பை மட்டும் நீங்களே சுற்றுங்கள். இதிலிருக்கும் மகிழ்ச்சி வேறெதிலும் இல்லை. மோட்டார் ரீவைண்டிங் கடையில் 46 கேஜ் எனாமல் கம்பி கேளுங்கள். 0.061 மி.மீ. தடிமன், தலைமுடி மாதிரி இருக்கும். கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெரு. காந்தத்தைச் சுற்றி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று வேண்டும். தையல் மெஷின் மோட்டாரில் சுற்றினால் வேகம் கால் மிதிக்குக் கட்டுப்படும். பிறகு மெழுகில் முக்க வேண்டும். இல்லையென்றால் சுருள் அதிர்ந்து ஒலிபெருக்கியில் கீச்சிடும். பாரஃபினில் கொஞ்சம் தேன்மெழுகு கலந்தால் போதும். இந்த மலையில் தேன்மெழுகுக்கா பஞ்சம்? நேரடித் தீயில் உருக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். பிக்கப் உட்காரும் குழியின் உட்புறம் செம்புத்தாள் ஒட்டி, அதையும் பிரிட்ஜையும் எர்த்தோடு இணைத்தால் இரைச்சல் வெகுவாக அடங்கும்.

இனி பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பழைய முறையே எனக்குப் பிடிக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். ஈரக்காற்று நாளில் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து பூச்சு வெள்ளை பூத்துவிடும். என்.சி. லாக்கரிலும் இதே தொல்லைதான். இதே மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்துக்குத் தெளிந்த வானம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கிடைக்கும். அந்த மாதங்களையே நான் பாலிஷுக்கும் ஒதுக்குகிறேன். பிரையன் மே இதைக் கேட்டால் ரசிப்பார். 1963-இல் அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்பு மேடையின் மரத்தில் கிட்டார் கழுத்தைச் செதுக்கத் தொடங்கியவர், குவீன் குழுவில் உலகம் சுற்றிவிட்டு, 2007-இல் விண்வெளித் தூசு பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் வாங்கினார்.

பாலிஷுக்கு முன் 120-இல் தொடங்கி 320 வரை உப்புத்தாளை நாரின் போக்கிலேயே தேய்த்து, ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். எழும்பி நிற்கும் நாரைக் காய்ந்தபின் மறுபடி தேய்க்க வேண்டும். பாலிஷ் துணியில் மஞ்சள் ஏறினால் பயப்பட வேண்டாம்; பிக்குகளின் காவிக்குச் சாயம் தந்த மரம் இது. புதுப் பலாவின் மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும். பழுப்பே வேண்டுமென்றால் பூசுமுன் சில நாள் வெளிச்சத்தில் வைக்கலாம்.

கழுத்தின் பின்புறத்துக்கு அரக்கு ஆகாது, வியர்வையில் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். சூடேறித் தானே தீப்பற்றும். வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டு, காய்ந்தபின் நீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள்.