சுழல வேண்டியது பாவை, வெளிச்சம் அல்ல

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, பாவை விளக்கு செய்து விற்கிறோம். வெளியூர்க்காரர்கள் எங்கள் இணையதளத்தில் விரலால் இழுத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி படம் போட ஆசை. முப்பரிமாணக் கேமரா வாங்க வேண்டுமா? பட்டறையையும் அப்படிச் சுற்றிக் காட்ட முடியுமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் கேட்கிற சுழல்படம் என்பது வரிசையாக எடுத்த சாதாரணப் புகைப்படங்கள்தான். விரல் நகர நகர அடுத்தடுத்த படம் வருகிறது. ஆப்பிள் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட குவிக்டைம் விஆர் காலத்திலிருந்தே இதுதான் வழி.

எதைச் சுழற்றுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். குத்துவிளக்கின் தண்டு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான். உச்சியில் இருக்கும் அன்னம் மட்டுமே திரும்பும். அதற்கு நல்ல படம் இரண்டு போதும். பாவை விளக்கு அப்படியில்லை. பின்னல், முதுகுப்பக்கத்து நகை, புடவை மடிப்பு என்று பின்புறத்திலும் அவ்வளவு வேலை இருக்கிறது. உழைப்பை அங்கே போடுங்கள்.

ஒரு சுழல்தட்டு வாங்கி, விளிம்பில் 10 டிகிரிக்கு ஒரு கோடு போடுங்கள். மொத்தம் 36 படம். பாவை தட்டின் நட்டநடுவில் நிற்க வேண்டும். கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே தட்டைச் சுற்றுங்கள். வட்டமான பீடம் இடமும் வலமும் ஆடினால் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

கேமராவும் லைட்டும் அசையவே கூடாது. பாவை மட்டும் திரும்பட்டும். பளபளப்பான பித்தளையில் உங்கள் சட்டை நிறம்கூடத் தெரியும். அதனால் இருபுறமும் வெள்ளைத் துணி கட்டி, துணிக்குப் பின்னாலிருந்து லைட் அடியுங்கள். கேமராவுக்கு முன்னால் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்பு அட்டை வையுங்கள். சுற்றிலும் வெள்ளையாகவே இருந்தால் பித்தளை வெளிறிப்போகும். ஓரமாக ஒரு கறுப்புப் பட்டையை நிறுத்திப் பாருங்கள், கன்னத்தின் வளைவு துலங்கி வரும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றும் மேனுவலில் இருக்கட்டும். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறி, சுழற்றும்போது மினுக்கும்.

ஒரு படம் 100 கேபி என்றால் 36 படத்துக்கு 3.6 எம்பி. முன்பக்கப் படம் உடனே வரட்டும். மற்றவை பின்னால் இறங்கட்டும். இணையதளம் செய்பவரிடம் சாதாரண ஜாவாஸ்கிரிப்டிலேயே செய்யச் சொல்லுங்கள். 2020 முடிவில் ஃபிளாஷ் நிறுத்தப்பட்டதும், அதை நம்பிச் செய்த சுழல்படங்கள் வெறும் கட்டங்களாகிவிட்டன. மூலப்படங்களை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்கு வேறு முறை. சாதாரணக் கேமராவில் துண்டு துண்டாக எடுத்து ஹியூகின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டலாம். ஆனால் கேமரா தன் லென்ஸை மையமாக வைத்துத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் தூணும் தூரத்துச் சுவரும் ஒன்றுக்கொன்று விலகி, ஒட்டுகிற இடம் உடையும். ஆட்கள் நடமாடும் இடத்தில் இது பெரும்பாடு. இரண்டு லென்ஸ் உள்ள 360 டிகிரி கேமராவை வாடகைக்கு எடுங்கள். ஒரே நேரத்தில் எல்லாத் திசையும் பதிவாகும். இணையதளத்தில் காட்ட பனெல்லம் என்ற இலவச நிரல் இருக்கிறது. உலைக்கும் கடைசல் இயந்திரத்துக்கும் நடுவே, கண் உயரத்தில் கேமராவை நிறுத்துங்கள். உலை நெருப்பு வெளுத்துப்போகாதபடி, குறைந்த எக்ஸ்போஷரில் இன்னொரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.