கன்மலைமேற் காவலிருந்த தாய்

வேதாகமத்து அன்னையர் என்றவுடன், மோசேயை நாணற் பேழையில் வைத்துக் காத்த யோகெபேத்தும், சாமுவேலைத் தேவாலயத்துக்கு ஒப்புவித்த அன்னாளுமே நம் நினைவில் முந்துவர். இரண்டாம் சாமுவேலின் 21-ஆம் அதிகாரத்திற் சில வசனங்களுக்குள் தோன்றி மறையும் ரிஸ்பாளை நினைப்பார் அரியர். அவள் பேசியதாக வேதத்தில் ஒரு சொல்லேனும் இல்லை. ஆயினும் அவள் செய்கை ஓர் அரசனை அசைத்தது. அது எங்ஙனம் என்பதை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

ரிஸ்பாள் ஆயா என்பவனின் குமாரத்தி. சவுல் அரசனின் மறுமனையாட்டி. கில்போவா மலையிற் சவுல் மாண்ட பின்னர், அவன் மகன் இஸ்போசேத், படைத்தலைவனாகிய அப்னேர் ரிஸ்பாளிடம் சென்றான் என்று குற்றஞ் சாட்டினான். அப்னேர் சினந்து தாவீதின் பக்கம் சாய்ந்தான். சவுலின் வீடு சரிந்தது. ஓர் இராச்சியம் கைமாறுவதற்கு அவள் பெயர் காரணமாயிற்று. அவளை மட்டும் எவரும் ஒரு வார்த்தை கேட்டிலர்.

தாவீதின் நாட்களில் மூன்றாண்டு இடைவிடாது பஞ்சம் உண்டாயிற்று. கிபியோனியரைச் சவுல் கொன்ற இரத்தப்பழியே அதற்குக் காரணம் என்று அரசனுக்கு அறிவிக்கப்பட்டது. அவர்களை உயிரோடு காப்போம் என்று யோசுவாவின் காலத்தில் இஸ்ரவேலர் ஆணையிட்டிருந்தனர். அந்த ஆணையைச் சவுல் மீறினான். கிபியோனியர் வெள்ளியும் பொன்னும் வேண்டாது, சவுலின் வழித்தோன்றல்களில் எழுவரைக் கேட்டனர். யோனத்தானுக்குக் கொடுத்த ஆணையை நினைந்து அவன் மகன் மேவிபோசேத்தைத் தாவீது தப்புவித்தான். ரிஸ்பாளின் இரு புதல்வருள் ஒருவனுக்கும் மேவிபோசேத் என்றே பெயர். அவனுக்காக ஆணையிட்டார் எவருமிலர். அவனும் அவன் உடன்பிறந்த அர்மோனியும், சவுலின் மூத்த மகள் பெற்ற ஐவரும் மலைமேல் ஒருங்கே கொல்லப்பட்டனர்.

பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொலையுண்ணலாகாது என உபாகமம் கட்டளையிடுகிறது. அதை அறிந்தவர் இவ்விடத்தை எளிதிற் கடந்து செல்லார். உரையாசிரியர் சிலர் தாவீதுக்காக வாதாடுகின்றனர். எமக்கு அவ்வாதங்கள் நிறைவளிக்கவில்லை.

இனி ரிஸ்பாளைக் காண்போம். அவள் இரட்டுப் புடவையை எடுத்துக் கன்மலையின்மேல் விரித்தாள். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கமுதல் வானத்து மழை அவ்வுடல்கள்மேற் பொழியும்வரை, பகலிற் பறவைகளும் இரவிற் காட்டுவிலங்குகளும் அவற்றைத் தீண்டவொட்டாது காத்தாள். வேதம் கூறுவது இவ்வளவே. இதன் கால அளவைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நாட்டில் வாற்கோதுமை அறுப்பு சித்திரையை ஒட்டித் தொடங்கும். முன்மாரி பெய்வது ஐப்பசி வாக்கில். இடையிலே மழையற்ற கடுங்கோடை. பருவந் தப்பிய மழை முன்னரே பெய்திருக்கலாம் என்று கருதுவாரும் உளர். அங்ஙனமன்றி வழக்கமான மாரியையே கொள்ளின், அவள் காவல் ஏறத்தாழ ஆறு திங்களாகும். உறங்கியது எப்பொழுது? உணவு கொணர்ந்தவர் யார்? வெயிலில் உருவழிந்து செல்லும் மைந்தரின் முகங்களை நாள்தோறும் எவ்வாறு நோக்கினாள்? போர்க்களத்தில் விழுப்புண் பட்டு வீழ்ந்த மகனைக் கண்டு உவந்த தாயரைப் புறநானூற்றிற் கற்றிருக்கின்றோம். ரிஸ்பாளின் மைந்தர்க்கு அத்தகைய புகழும் இல்லை. பிறர் பழிக்கு ஈடாக மாண்டனர்.

எபிரேய மொழியில் ரிஸ்பாள் என்னும் பெயர்ச்சொல்லுக்குக் கற்பாவிய தளம் என்றும் நெருப்புத்தழல் என்றும் இரு பொருளுண்டு. ஆயா என்பதோ ஊனுண்ணும் பறவையொன்றின் பெயர். லேவியராகமம் அதனை உண்ணத்தகாத பறவைகளுள் வைத்து எண்ணுகிறது. வல்லூற்றின் பெயர் பூண்டவன் மகள் வல்லூறுகளை ஓட்டி நின்றாள்! பெயர்களைக்கொண்டு பெரிதும் வாதிடுதல் தகாது. எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அவள் காத்த ஏழு உடல்களுள் இரண்டே அவள் வயிற்றிற் பிறந்தவை. ஏனைய ஐவரின் தாய் அங்கு வந்ததாகச் செய்தியில்லை. ரிஸ்பாளோ தன்னவர் பிறர் என்று பிரித்துக் காத்ததாக வேதம் கூறவில்லை. மேலும், மரத்திலே தூக்கப்பட்டவனின் உடல் இரவு முழுதும் அங்கே கிடத்தலாகாது, அன்றே அடக்கஞ் செய்க என்பதும் உபாகமத்தின் விதியே. ஊரார் மறந்த அவ்விதியை, மண்வெட்டி எடுக்கவும் உரிமையற்ற ஒருத்தி, தன்னால் இயன்ற ஒரே வழியில் நினைவூட்டினாள். அரசவைக்கு அவள் சென்றிலள். நீதி கேட்டு முழங்கியதாகவோ, கிபியோனியரைச் சபித்ததாகவோ ஒரு குறிப்புமில்லை. மலையைவிட்டு இறங்கவில்லை, அவ்வளவே.

செய்தி தாவீதின் செவிக்கு எட்டியது. அவன் உடனே செய்தது வியப்புக்குரியது. பெலிஸ்தர் பெத்சானின் மதிலிலே தொங்கவிட்ட சவுல், யோனத்தான் இவர்தம் உடல்களை, யாபேஸ் ஊரார் இரவெல்லாம் நடந்து சென்று மீட்டு, தம்மூர் மரத்தடியிற் புதைத்து ஏழு நாள் உபவாசமிருந்தனர். அவ்வெலும்புகள் அந்நாள்வரை அங்கேயே கிடந்தன. யோனத்தானுக்காகப் புலம்பல் பாடிய தாவீது, அவனைப் பிதாக்களின் கல்லறையிற் சேர்க்க அத்தனை ஆண்டும் முயன்றதாகக் காணோம். ரிஸ்பாளின் செய்கையைக் கேட்ட பின்னரே அவன் யாபேசுக்குச் சென்று அவற்றைக் கொணர்ந்தான். தூக்கப்பட்டவரின் எலும்புகளும் சேர்க்கப்பட்டன. பென்யமீன் நாட்டுச் சேலாவில், சவுலின் தந்தை கீசின் கல்லறையில் அடக்கம் நடந்தது.

அதன் பின்பே தேவன் தேசத்துக்காகச் செய்த விண்ணப்பத்தைக் கேட்டருளினார் என்று அதிகாரம் கூறுகிறது. இவ்வரிசையைப் பலர் கவனிப்பதில்லை. எழுவரைக் கொன்றவுடன் அவ்வாறு கூறப்படவில்லை. கொலைக்கும் அவ்விண்ணப்பம் கேட்கப்பட்டதற்கும் நடுவே நிற்பவை ரிஸ்பாளின் காவலும் அரசன் செய்த அடக்கமுமே.

ஆங்கிலப் புலவர் டெனிசன், தூக்கிலிடப்பட்ட மகனின் எலும்புகளை இரவிற் பொறுக்கிச் சேர்த்த ஓர் ஏழைத் தாயைப் பாடி, 1880-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிற் சேர்த்தார். அப்பாட்டுக்கு அவர் இட்ட பெயர் ரிஸ்பா என்பதே.

இன்னும் ஒன்று. எபிரேய மூலத்தில், சவுலும் யோனத்தானும் அடக்கம் பண்ணப்பட்டனர் என்ற அளவில் வாக்கியம் நின்றுவிடுகிறது. எழுவரின் எலும்புகள் சேர்க்கப்பட்ட செய்தி உண்டு. புதைக்கப்பட்ட செய்தி வெளிப்படையாக இல்லை. எழுபதின்மர் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பிலோ, தூக்கப்பட்டவர்களும் உடன் அடக்கம் பெற்றதாகச் சில சொற்கள் மிகுந்து காணப்படுகின்றன. அச்சொற்கள் மூலத்தில் இருந்து விடுபட்டவையோ, ரிஸ்பாளை மறக்க மாட்டாத ஒருவர் பின்னர்ச் சேர்த்தவையோ, அறிஞர் முடிவு செய்க. அவை அங்கே இருப்பதில் எமக்கு மகிழ்ச்சியே.