பச்சிளங்குழந்தைச் சோதனையும் பெற்றோர் புரிதலும்

முன்னுரை

மருத்துவ அறிவியல் எத்துணை உயர்ந்தாலும், மக்களுக்குப் புரியும் சொல்லாக வந்து சேரும்போதே அது முழுப்பயன் தருகிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, சில துளிக் குருதியை வடிதாளில் ஏற்றி, மறைந்திருக்கும் குறைபாடுகளைத் தேடும் சோதனை இன்று உலகின் பல நாடுகளில் நடைபெறுகிறது. அதன் முடிவைக் கேட்கும் பெற்றோர் என்ன பொருள் கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தே குழந்தையின் எதிர்காலம் அமைவதுண்டு. எனவே இது மருத்துவத்தோடு மொழியும் சேர்ந்த சிக்கல் எனக் கருதி, இக்கட்டுரையில் அதனை ஆராய முற்படுகிறோம்.

சோதனையின் தோற்றம்

நார்வே நாட்டில் அறிவு வளர்ச்சி குன்றிய இரு குழந்தைகளின் தாய், காரணம் தேடி மருத்துவர் பலரை நாடினார். அக்குழந்தைகளின் சிறுநீரை ஆராய்ந்த ஆஸ்பியோர்ன் ஃபோலிங், 1934ஆம் ஆண்டு பினைல்கீட்டோன்யூரியா என்னும் பிறவிக் குறைபாட்டை உலகிற்கு அறிவித்தார். உணவிலுள்ள புரதத்தின் ஒரு கூறு உடலில் முறையாக மாற்றமடையாமல் தேங்கி மூளையைத் தாக்குவதே இதன் இயல்பு. 1950களில் இதற்கேற்ற உணவுமுறை கண்டறியப்பட்டது. ஆயினும் மூளை பாதிப்புறும் முன்னரே குழந்தையை இனங்காண்பது எங்ஙனம் என்னும் வினா எஞ்சி நின்றது. அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கத்ரி, வடிதாளில் உலர்ந்த குருதிப்புள்ளியைக் கொண்டு இதனைக் கண்டறியும் எளிய முறையை 1963ஆம் ஆண்டு வெளியிட்டார். 1970களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இதே குருதிப்புள்ளியால் பிறவித் தைராய்டு குறைபாட்டையும் அறியும் வழி பிறந்தது. ஒரு தாயின் தளராத தேடலே இவ்வறிவியலுக்கு வித்திட்டது என்பது எண்ணத்தக்கது.

நலமாகத் தோன்றும் குழந்தை

‘குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் குத்த வேண்டும்?’ என்பது பெற்றோர் எழுப்பும் முதல் வினா. இவ்வினா இயல்பானதே. ஆனால் தைராய்டு குறைபாடுடைய குழந்தைகளுள் பெரும்பாலோர் பிறக்கும்போது நலமாகவே தோன்றுவர். கருவிலிருந்தபோது தாயிடமிருந்து பெற்ற சுரப்புநீர் சிறிது காலம் அவர்களைக் காக்கிறது. பின்னர் குழந்தை மிகுதியாக உறங்குகிறது; அழுகை குறைகிறது; பால் குடிப்பதில் மந்தம் காணப்படுகிறது; மஞ்சள் காமாலை நீடிக்கிறது. நம் இல்லங்களிலோ அழாமல் உறங்கும் பிள்ளையைச் சமர்த்துப் பிள்ளை என்று போற்றுகிறோம். நோயின் அறிகுறியே நற்குணமாகத் தோன்றிவிடும் இடம் இது.

இந்தியாவில் நிகழ்ந்த ஆய்வுகள், ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இக்குறைபாட்டுடன் பிறப்பதாகக் காட்டுகின்றன. பிறந்த இரு வாரங்களுக்குள் மருத்துவம் தொடங்கினால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாக அமையும். நாள்தோறும் ஒரு சிறு மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து புகட்டுவதே மருத்துவம். அதன் விலையும் குறைவு. காலம் தாழ்ந்தால் இழந்ததை எச்செல்வத்தாலும் மீட்டல் அரிது.

சலித்தலும் அறிதலும்

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். ‘ஸ்கிரீனிங்’ என்பது சலித்தெடுத்தல். நோயை உறுதி செய்வதன்று. சல்லடையில் தங்கியவை யாவும் கல் அல்ல. அவற்றுள் நல்ல மணியும் உண்டு. ஆயிரம் குழந்தைகளைச் சோதித்து, பத்துக் குழந்தைகளை மீண்டும் அழைப்பதாகக் கொள்வோம். அப்பதின்மருள் ஒருவருக்கே உண்மையில் குறைபாடு இருக்கலாம். ஏனைய ஒன்பதின்மர் நலமுடையோர். பிறந்த முதல் நாளில் தைராய்டைத் தூண்டும் சுரப்பு இயல்பாகவே உயர்வதால், மிக விரைந்து குருதி எடுத்தாலும் இம்மயக்கம் நேரும். அதனாலேயே பொதுவாக இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் குருதி எடுப்பர். சல்லடையைத் தப்பிச் செல்லும் கல்லும் அரிதாக உண்டு. ஆகவே சோதனையில் தேறிய குழந்தைக்கும் ஐயம் தோன்றின் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

‘பாசிட்டிவ்’ என்று சொன்னால் ஒரு தந்தை நற்செய்தி என மகிழக்கூடும். ஒரு தாய் நோய் உறுதியாயிற்று எனக் கலங்கக்கூடும். இரண்டும் பிழையான பொருள். ‘நேர்மறை’ எனத் தமிழாக்கினும் மயக்கம் தீராது. ‘மறு ஆய்வு தேவை’, ‘மறு ஆய்வு தேவையில்லை’ என்று கூறின் பெற்றோர் செய்ய வேண்டுவது சொல்லிலேயே விளங்கிவிடும். அச்சத்தைத் தணித்து, செயலை விரைவுபடுத்தும் சொல்லே இங்கு நற்சொல்.

பழிச்சொல் வேண்டா

குறைபாடு உறுதியானதும் பல குடும்பங்களில் பழி தாயின்மேல் விழுகிறது. தைராய்டு குறைபாடு பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. பினைல்கீட்டோன்யூரியாவோ, தந்தை தாய் இருவரும் அதன் மரபுக்கூற்றைத் தாங்கியிருந்தால்தான் வரும். இருவருமே நலமாக இருப்பர். அத்தகையோரின் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு இதற்கு உண்டு. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுடைய சமுதாயங்களில் இவ்வாய்ப்பு கூடுகிறது. இதனைக் குற்றமாகக் கூறாமல், முன்னெச்சரிக்கையாகக் கூறும் பொறுப்பு பெரியோர்க்கு உண்டு.

பெற்றோர் இசைவும் இன்றியமையாதது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குருதிப்புள்ளிகளைப் பெற்றோரிடம் கேளாது சேமித்து வைத்ததை எதிர்த்து 2009ஆம் ஆண்டு வழக்கு எழுந்தது. அதன் விளைவாக 50 லட்சத்திற்கும் மேற்பட்ட குருதித்தாள்கள் அழிக்கப்பட்டன. கேட்டுப் பெறாத நன்மையும் ஐயத்தையே விளைக்கும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

நம் நாட்டில் எல்லா மருத்துவமனைகளிலும் இச்சோதனை நடைபெறுவதில்லை. ஆகவே பெற்றோர் கேட்டுப் பெற வேண்டியுள்ளது. பிள்ளைப்பேற்றுக்கு முன்னரே மூன்று வினாக்களைக் கேட்டு வைப்போம். இங்கு எந்தெந்தக் குறைபாடுகளுக்குச் சோதிப்பீர்கள்? முடிவு எந்நாளில், எவ்வழியாக வரும்? மறு ஆய்வு தேவைப்படின் எங்கே செல்ல வேண்டும்? ஏழாம் நாள் பெயர் சூட்டும் இல்லங்களில், அந்நாளிலேயே ‘சோதனை முடிவு வந்துவிட்டதா?’ என்று மூத்தோர் ஒருவர் கேட்பாராயின் அதுவே பெரும் பாதுகாப்பாகும். இத்தகைய செய்திகளை எளிய தமிழில் எழுதி மகப்பேற்று மனைகளுக்கு அளிப்பது, தமிழ் பயிலும் நம் மாணவர்கள் ஆற்றத்தக்க அரும்பணி. பிறந்த குழந்தை பேசாது. அதன் பொருட்டுத் தெளிவாகப் பேசுவது நம் கடன்.